கணினி விழித்தவுடன் ஒரு நிலைப்படம்

பதின்மூன்றாம் வாரம் என்றால் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆய்வேட்டின் இறுதி வடிவம், குழுப்பணி, படைப்பு என எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அந்த வாரத்தில்தான் மடிக்கணினியும் புதுப்பித்தல் வந்திருக்கிறது, மீண்டும் தொடங்கட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்திவிட்டு உறங்கப் போகிறோம். மறுநாள் காலையில் கணினி விழிக்கவில்லை. வன்தட்டு கெடவில்லை, எழுதிய பக்கங்கள் எங்கும் போகவில்லை. அவற்றை அடையும் கதவு மட்டும் திறக்க மறுக்கிறது. கடைக்குக் கொண்டுபோனால், "ஃபார்மட் செய்துவிடலாம்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுவார்கள்.

இது மாணவர்களுக்கு மட்டும் வரும் தொல்லையன்று. 2024 ஜூலை 19ஆம் நாள் கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான ஒரு கோப்பு அனுப்பப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கணிப்பின்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. கேஎல்ஐஏவிலும் சாங்கியிலும் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. நோய்க்கு மருந்து உடனே வந்துவிட்டது. ஆனால் விழிக்காத கணினியின் வாயில் மருந்தை ஊற்றுவது எப்படி? பணியாளர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து, பாதுகாப்பு முறையில் அதைத் தொடங்கி, ஒரே ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

ஆக, திரும்பிப் போகும் வழியைக் கணினி நலமாக இருக்கும்போதே போட்டு வைக்க வேண்டும். அதை நாம் நினைவு வைத்துச் செய்வோம் என்று நம்பக்கூடாது. கணினியே தானாகச் செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் கோப்பு முறைமையின் நிலையைப் பதிந்து வைப்பது அதற்கான எளிய வழிகளில் ஒன்று. எளிய வழிதான், ஆனால் எப்போது பதிவது, எதைப் பதிவது என்னும் இரண்டு இடங்களில் கவனம் தவறினால் தேவைப்படும் நாளில் அது கைகொடுக்காது. இக்கட்டுரையில் அவ்விரண்டையும் சற்று விரிவாகவே காண்போம்.

பழைய உள்ளடக்கப் பக்கம்

ஸ்நாப்ஷாட் என்பதைக் கணப்படம் என்று சிலர் எழுதுகின்றனர். நான் இங்கு நிலைப்படம் என்று எழுதுகிறேன். கணத்தைக் காட்டிலும் நிலைதான் இங்கே முக்கியம். இந்த நேரத்தில் வட்டில் எந்தக் கோப்பு எந்த நிலையில் இருந்தது என்பதே பதிவாகிறது. இன்னும் நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

நிலைப்படம் என்றவுடன், வட்டிலுள்ள எல்லாவற்றையும் இன்னோர் இடத்தில் நகலெடுப்பது என்று பலர் நினைப்பர். அப்படியானால் நாள்தோறும் அரை மணி நேரம் போகும், ஒரு வாரத்தில் வட்டும் நிரம்பிவிடும். உண்மையில் ஒரு நொடிகூட ஆகாது. அது எப்படி?

இந்த ஆண்டிதழைத் தொகுக்கும் ஆசிரியர் குழுவையே எடுத்துக்கொள்வோம். அவர்களிடம் தனித்தாள்கள் அடங்கிய ஒரு கோப்புறை இருக்கிறது. முன்னால் ஓர் உள்ளடக்கப் பக்கம். எந்தக் கட்டுரை எந்தத் தாளில் இருக்கிறது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டுரையில் திருத்தம் வருகிறது. ஒரு குழுவினர் அதே தாளில் அழித்துவிட்டு மேலே எழுதுகிறார்கள், பழையது போய்விட்டது. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் பெரும்பாலும் இவ்வாறே இயங்குகின்றன. இன்னொரு குழுவினர் பழைய தாளைத் தொடுவதே இல்லை. திருத்திய கட்டுரையைப் புதுத் தாளில் எழுதிச் சேர்த்து, உள்ளடக்கப் பக்கத்தைப் புதிதாக எழுதுகிறார்கள். யாருக்கும் தேவைப்படாத பழைய தாளைப் பிறகு குப்பையில் போடுகிறார்கள். எழுதும்போது நகலெடுக்கும் முறை எனப்படுவது இதுதான்.

இந்த இரண்டாம் குழு நேற்றைய உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் எறியாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? அதில் குறிக்கப்பட்ட தாள்கள் எல்லாம் "இன்னும் தேவை" என்று நின்றுவிடும். நேற்றைய இதழ் முழுமையாகக் கையில் இருக்கும். கூடுதலாகச் செலவானது ஒரே ஒரு பக்கம். நிலைப்படம் என்பது அந்தப் பழைய உள்ளடக்கப் பக்கமே ஆகும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பழைய பக்கங்கள் இருக்கும்வரை பழைய தாள்களைக் குப்பையில் போட முடியாது. எட்டு கிகாபைட் அளவுள்ள மென்பொருளை நீக்கிய பிறகும் வட்டில் இடம் கூடவில்லையே என்று குழம்புவோர் உண்டு. எங்கோ ஒரு நிலைப்படம் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எடுப்பதைத் தானியக்கமாக்கும்போதே பழையதை நீக்குவதையும் தானியக்கமாக்க வேண்டும்.

இந்த எண்ணம் புதியதன்று. நெட்ஆப் நிறுவனத்தின் வாஃபில் கோப்பு முறைமை பற்றி டேவ் ஹிட்ஸ் முதலியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இது விளக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரே நேரத்தில் 20 நிலைப்படங்கள்வரை வைத்துக்கொள்ள முடிந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய இசட்எஃப்எஸ் 2005இல் திறமூலமாக வெளிவந்தது. லினக்ஸுக்காக ஓரக்கிள் நிறுவனத்தில் இருந்த கிறிஸ் மேசன் 2007இல் அறிவித்த பட்டர் எஃப்எஸ், 2009இல் 2.6.29ஆம் கெர்னலில் சேர்ந்தது. (பி, டி, ஆர் என்னும் எழுத்துகளைப் பொறியாளர்கள் வெண்ணெய் என்று படித்துவிட்டார்கள்; பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.) ஓப்பன்சூசே 2014 முதலும் ஃபெடோராவின் மேசைக்கணினிப் பதிப்பு 2020 முதலும் பட்டர் எஃப்எஸ்ஸையே இயல்புநிலையாகக் கொண்டுள்ளன. பெருநிறுவனங்களின் சேமிப்பகங்களில் மட்டும் இருந்த வசதி இன்று நம் விடுதி மேசைமீது இலவசமாகக் கிடக்கிறது. பயன்படுத்துவோர்தாம் குறைவு.

எந்த நிமிடத்தில் எடுப்பது?

கணினி தொடங்கும்போது எடுக்க வேண்டும் என்றேன். தொடக்கம் என்பது ஒரே கணமன்று. மின்விசையை அழுத்தியதிலிருந்து திரையில் பணிமேடை தெரியும்வரை பல படிகள் உள்ளன. எந்தப் படியில் எடுப்பது?

முதலில் தோன்றும் விடை, எவ்வளவு சீக்கிரமாக முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்பதுதான். எந்தச் சேவையும் தொடங்காத, எதுவும் எழுதப்படாத தூய்மையான நிலை அது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். நேற்று இரவு செய்த புதுப்பித்தல்தான் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். அது ஏற்கனவே வட்டில் எழுதப்பட்டுவிட்டது. இன்று காலை தொடக்கத்தின் முதல் நொடியில் எடுக்கும் நிலைப்படம் எதைப் பதிகிறது? கெட்டுப்போன நிலையைத்தான். அது மட்டுமா! ஐந்து நிலைப்படங்கள் மட்டும் வைத்திரு, ஆறாவது வந்தால் பழையதை நீக்கு என்று அமைத்திருக்கிறோம். கணினி விழிக்கவில்லையென்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? அணைத்து மீண்டும் தொடங்குவார்கள். மறுபடியும் அணைத்துத் தொடங்குவார்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு கெட்ட படம் உள்ளே வருகிறது. ஒரு நல்ல படம் வெளியே போகிறது. ஐந்தாவது முயற்சியில் நல்லது ஒன்றுகூட மிஞ்சாது. காப்பாற்ற வைத்த காவலாளியே கதவைப் பூட்டிச் சாவியை விழுங்கியதுபோல்.

ஆகவே நிலைப்படம் எடுக்க வேண்டிய நேரம், கணினி நலமாக எழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகே. எழுந்திருக்காத கணினி படம் எடுக்கக்கூடாது.

லினக்ஸ் மிண்ட்டில் உள்ள டைம்ஷிஃப்ட் கருவி இதை ஓரளவு சரியாகச் செய்கிறது. டோனி ஜார்ஜ் என்பவர் உருவாக்கிய இக்கருவி 2017இல் மிண்ட் 18.3 பதிப்பிலிருந்து அதனுடன் சேர்ந்தே வருகிறது. அதன் அமைப்புகளில் மாதம், வாரம், நாள், மணி என்னும் கட்டங்களோடு தொடக்கம் என்று ஒரு கட்டமும் உண்டு. அதைக் குறித்துவிட்டால், கிரான் எனப்படும் காலமுறைப் பணிப்பட்டியலில் அது ஒரு வரியை எழுதி வைக்கிறது. அவ்வரியைத் தமிழில் சொன்னால்: கணினி தொடங்கும்போது, பத்து நிமிடம் உறங்கு, பிறகு ஒரு நிலைப்படம் எடுத்து அதற்குத் தொடக்கம் என்று முத்திரை இடு. தொடக்கத்தின் பரபரப்பு அடங்கட்டும் என்று பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த இடைவெளியால் நமக்கு வேறொரு நன்மையும் கிடைக்கிறது: தொடக்கத்திலேயே தடுக்கி விழும் கணினி, பத்தாவது நிமிடத்தைக் காண்பதே இல்லை. கெட்ட படமும் சேர்வதில்லை.

ஓரளவு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. என் விடுதியில் தங்கியிருந்த அக்கா ஒருவரின் மடிக்கணினியில் பருவத் தொடக்கத்தில் மிண்ட்டை நிறுவி, பட்டர் எஃப்எஸ்ஸையும் டைம்ஷிஃப்டையும் அமைத்துக் கொடுத்திருந்தேன். ஆய்வேட்டை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலையில், "தங்கச்சி, திரை கறுப்பாவே நிக்குதுலா. என் ஆய்வேடு முழுக்க உள்ள இருக்கு" என்று வந்து நின்றார். முதல்நாள் இரவு திரை இயக்கி ஒன்று புதுப்பிக்கப்பட்டிருந்தது. விரலியிலிருந்து மிண்ட்டைத் தொடங்கி டைம்ஷிஃப்டைத் திறந்தேன். ஐந்து படங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு அன்று காலையிலேயே எடுக்கப்பட்டவை!

காரணம் இதுதான். திரை கறுப்பாக இருந்ததே தவிர, அதன் பின்னால் கணினி விழித்தே இருந்தது. கிரானும் வேலை செய்துகொண்டிருந்தது. அக்கா காலையில் நான்கு முறை தொடங்கிப் பார்த்திருக்கிறார். அவற்றில் இரண்டு முறை, ஒருவேளை மெதுவாக வருமோ என்று பத்து நிமிடத்திற்கு மேல் காத்திருந்திருக்கிறார். கணினியின் கணக்கில் அவ்விரண்டும் நல்ல தொடக்கங்களே. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் அதற்குள் நீக்கப்பட்டுவிட்டன. திங்கள், செவ்வாய், புதன் மிஞ்சின. புதன்கிழமைப் படத்தைத் தேர்ந்தெடுத்து மீட்டோம். சில நொடிகளே பிடித்தது. மீண்டும் தொடங்கியதும் பணிமேடை வந்தது. புதன் இரவு அவர் எழுதிய ஐந்தாம் இயலும் அப்படியே இருந்தது.

ஐந்து முறை பொறுமையாகக் காத்திருந்தால்? அதனால்தான் இப்போது நான் அமைத்துக் கொடுக்கும் கணினிகளில் டைம்ஷிஃப்டின் தொடக்கக் கட்டத்தைக் குறிப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றைச் சிஸ்டம்டி டைமர் வழியாக இயக்குகிறேன். கணினி எழுந்து பத்து நிமிடம் கழித்து அது இரண்டு கேள்விகளைக் கேட்கும். திரையில் யாரேனும் உள்நுழைந்திருக்கிறார்களா? கடைசித் தொடக்கப் படம் எடுத்து இருபது மணி நேரமாவது ஆயிற்றா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே டைம்ஷிஃப்டை அழைத்துப் படம் எடுக்கச் சொல்லும். கறுப்புத் திரையில் யாரும் கடவுச்சொல் எழுதி உள்ளே போக முடியாது. எனவே முதல் கேள்வியிலேயே கெட்ட தொடக்கங்கள் பெரும்பாலும் வடிகட்டப்படும். இரண்டாவது கேள்வி, ஒரு நாளில் எட்டு முறை கணினியைத் திறந்து மூடும் நம்மைப் போன்றோருக்காக. ஒரு நாளைக்கு ஒன்று என்றால் ஐந்து படங்கள் ஐந்து நாள்களைத் தாங்கும். இல்லையென்றால் ஐந்தும் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும்.

ஓப்பன்சூசே பயன்படுத்துவோருக்கு ஸ்னாப்பர் என்னும் கருவி இருக்கிறது. தொடக்கத்தின்போது படம் எடுக்கும் டைமர் அதனுடனேயே வருகிறது, இயக்கிவிட்டால் போதும். அதைவிடப் பயனுள்ளது, மென்பொருள் நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும் முன்னொன்றும் பின்னொன்றுமாக அது எடுக்கும் இரட்டைப் படங்கள். அத்துடன், தொடக்கப் பட்டியலிலேயே பழைய நிலைப்படத்திலிருந்து தொடங்கு என்னும் வரியும் வந்துவிடுகிறது. விரலியைத் தேடி ஓட வேண்டியதில்லை. இந்த வகையில் ஓப்பன்சூசேதான் முன்னணியில் இருக்கிறது என்பது என் கருத்து.

எது திரும்ப வேண்டும், எது திரும்பக்கூடாது?

புதன்கிழமை காலைக்குத் திரும்பியும் புதன் இரவு எழுதிய இயல் எப்படிப் பிழைத்தது என்று கேட்டிருப்பீர்கள். பட்டர் எஃப்எஸ்ஸில் ஒரே வட்டுக்குள் உட்பகுதிகள் அமைக்கலாம். மிண்ட்டை அதில் நிறுவினால் '@' என்று ஒன்றும் '@ஹோம்' என்று ஒன்றும் உருவாகின்றன. இயங்குதளமும் மென்பொருள்களும் முதலாவதில். நம் ஆவணங்கள், படங்கள், அமைப்புகள் இரண்டாவதில். டைம்ஷிஃப்ட் இயல்பாக முதலாவதை மட்டுமே படம் எடுக்கிறது, அதை மட்டுமே திருப்புகிறது. வீட்டின் சுவர் விரிசலைச் சரிசெய்ய, மேசைமேல் இருக்கும் வீட்டுப்பாடத்தை நேற்றைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை அல்லவா?

இதை அறியாமல், எல்லாம் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஹோம் பகுதியையும் சேர்த்துக் குறித்துவிடுபவர்கள் உண்டு. மீட்கும் நாளில் கணினி எழுந்துவிடும். அன்றைக்கு எழுதியவை மறைந்துவிடும். வெற்றி போலவே தோன்றும் தோல்வி இது.

ஆனால் '@' பகுதிக்குள் நம்முடையது எதுவும் இல்லை என்று நினைத்துவிடவும் கூடாது. கணினியியல் மாணவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இறுதியாண்டுத் திட்டத்திற்காக மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்திருந்தால், அதன் தரவுகள் எங்கே இருக்கின்றன? உபுண்டுவிலும் மிண்ட்டிலும் அவை ஹோமில் இல்லை; 'வார்' என்னும் அடைவுக்குள், அதாவது '@' உட்பகுதியில் இருக்கின்றன. என் வகுப்புத் தோழர் ஒருவர் மூன்று நாள் பின்னோக்கிப் போனார். அவர் கருத்தாய்வில் அம்மூன்று நாளும் வந்து சேர்ந்த மறுமொழிகள் தரவுத்தளத்தில் இல்லை. நல்ல வேளையாக, பட்டர் எஃப்எஸ் முறையில் மீட்கும்போது டைம்ஷிஃப்ட் அப்போதைய நிலையையும் ஒரு படமாக ஒதுக்கி வைக்கிறது. அதற்குள் நுழைந்து தரவுத்தள அடைவை எடுத்துவர ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. ஓப்பன்சூசே 'வார்' அடைவை முதலிலேயே தனி உட்பகுதியாகப் பிரித்து வைப்பது இக்காரணத்தால்தான். மிண்ட் வைத்திருப்போர் தரவுத்தளத்தை நாள்தோறும் ஹோமுக்குள் ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்தால் போதும். அதையும் டைமரிடமே விட்டுவிடலாம்.

கெர்னல் இருக்கும் 'பூட்' அடைவைத் தனிப் பிரிவாக வைத்திருப்போருக்கு இன்னொரு சிக்கல். '@' பழைய நிலைக்குப் போகும். பூட் பிரிவோ புதிய கெர்னலோடு நிற்கும். அந்தக் கெர்னலுக்குரிய துணைக்கோப்புகள் பழைய நிலையில் இருக்கமாட்டா. மீட்டதாலேயே கணினி எழாமல் போகலாம். பட்டர் எஃப்எஸ்ஸில் நிறுவும்போது தேவையில்லாமல் பூட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்திருந்தால், தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

ஏற்கனவே எக்ஸ்ட்4இல் மிண்ட் நிறுவியிருப்பவர்கள் இதற்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவ வேண்டாம். டைம்ஷிஃப்ட் அதிலும் வேலை செய்யும். ஆர்சிங்க் என்னும் முறையில் கோப்புகளை நகலெடுக்கும். முதல் படத்திற்குப் பல கிகாபைட் இடமும் பல நிமிடங்களும் தேவைப்படும். அடுத்த படங்களில் மாறாத கோப்புகளுக்கு இணைப்பு மட்டும் போட்டுக்கொள்வதால் அதிக இடம் பிடிக்காது. நொடியில் முடியாது என்பதுதான் குறை. அதிலும் ஹோம் இயல்பாகவே விலக்கப்பட்டிருக்கும்.

விண்டோஸும் மேக்கும்

நம்மில் பெரும்பாலோர் விண்டோஸ் பயன்படுத்துகிறோம். அதில் மீட்டெடுப்புப் புள்ளி என்னும் வசதி 2000இல் வந்த விண்டோஸ் மில்லேனியம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அது முறைமைக் கோப்புகளையும் அமைப்புகளையும் மட்டுமே திருப்பும். சொந்த ஆவணங்களைத் தொடாது. மேலே சொன்ன அதே பாகுபாடுதான். பல கணினிகளில் அது அணைந்தே இருக்கிறது. முறைமைப் பாதுகாப்பு என்னும் பகுதிக்குப் போய், சி வட்டுக்கு அது இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிறகு டாஸ்க் ஷெடியூலரில், உள்நுழைந்த சில நிமிடங்களில் பவர்ஷெல் வழியாக ஒரு புள்ளியை உருவாக்கும் பணியைச் சேர்த்துவிடலாம். விண்டோஸ் 8 முதல், 24 மணி நேரத்திற்குள் இரண்டாவது புள்ளியை இக்கட்டளை இயல்பாக உருவாக்காது. நான் ஸ்கிரிப்டில் எழுதிய இருபது மணி நேர விதியை அவர்கள் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேக் வைத்திருப்போருக்கு வேலை குறைவு. 2020இல் வந்த பிக் சர் பதிப்பிலிருந்து மேக்கின் இயங்குதளமே முத்திரையிடப்பட்ட ஒரு நிலைப்படத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதில் யாரும் கை வைக்க முடியாது.

இத்தனை சொன்ன பிறகும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நிலைப்படம் வேறு, காப்புநகல் வேறு. உள்ளடக்கப் பக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்தாலும் தாள்கள் எல்லாம் ஒரே கோப்புறையில்தானே இருக்கின்றன? கோப்புறை தொலைந்தால் எல்லாமே போயிற்று. 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது நீரில் மூழ்கிய மடிக்கணினிக்கு, அதிலிருந்த நூறு நிலைப்படங்களாலும் பயனில்லை. 2017 மே மாதம் பரவிய வன்னாகிரை என்னும் பிணைப்பணத் தீநிரல், கோப்புகளைப் பூட்டியதோடு விண்டோஸின் நிழல் நகல்களையும் தேடி அழித்தது. ஆய்வேடு வெளி வட்டிலோ விரலியிலோ மேகத்திலோ இன்னொரு முறை இருந்தே ஆக வேண்டும். நிலைப்படம் காப்பாற்றுவது கணினி எழும் நிலையை; காப்புநகல் காப்பாற்றுவது நாம் எழுதியதை.

ஒத்திகை

மீட்டுப் பார்க்காத நிலைப்படத்தை நான் நம்புவதில்லை. பருவ விடுமுறையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் ஆவணங்களுக்குக் காப்புநகல். அடுத்து டைம்ஷிஃப்டைத் திறந்து, கையாலேயே ஒரு நிலைப்படம் எடுத்து, குறிப்பு என்னும் இடத்தில் எந்தப் பருவம் என்று எழுதி வையுங்கள். கையால் எடுத்ததை டைம்ஷிஃப்ட் தானாக நீக்காது. தொடக்கப் படங்கள் வந்து போனாலும் இது நிற்கும். பருவத்திற்கு ஒன்று போதும், பழைய பருவத்தினுடையதை நீங்களே நீக்கிவிடுங்கள். பிறகு ஏதேனும் ஒரு சிறிய மென்பொருளை நிறுவுங்கள். கணினியை அணைத்து, மிண்ட் உள்ள விரலியிலிருந்து தொடங்கி, அந்தப் படத்திற்குத் திரும்புங்கள். நிறுவிய மென்பொருள் மறைந்து, ஆவணங்கள் அப்படியே இருந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். விரலியில் கணினி தொடங்கவே மறுத்தால், அதைப் பதின்மூன்றாம் வாரத்தில் கண்டுபிடிப்பதைவிட இப்போதே கண்டுபிடித்தது நல்லது. எந்த விசையை அழுத்தினால் தொடக்கப் பட்டியல் வரும் என்பது ஒவ்வொரு கணினிக்கும் மாறும். தெரிந்தவுடன் அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி மடிக்கணினியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

தமிழில் தட்டெழுதுபவர்கள் ஒத்திகையின்போது இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகைக்கான மென்பொருள் '@' பகுதியில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்த அமைப்பு ஹோமில் இருக்கிறது. விசைப்பலகையை நிறுவுவதற்கு முந்தைய படத்திற்குத் திரும்பினால், பட்டியலில் தமிழ் என்று பெயர் தெரியும். அழுத்தினால் ஆங்கில எழுத்தே வரும். கணினி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மென்பொருளை மட்டும் மீண்டும் நிறுவினால் பழைய அமைப்பு தானாக ஒட்டிக்கொள்ளும். பருவத் தொடக்கப் படத்தை எடுக்கும் முன்பே விசைப்பலகையை நிறுவிவிட்டால் அந்த வேலையும் இல்லை.